இரண்டு துளையிலும் சிவப்பு

ஹாலில் எரிகிறது. சமையலறையில் இல்லை.
பின்னறையில் விசிறி நின்று,
ஃப்ரிட்ஜ் தன் முனகலை விட்டு
ஒரு மணி நேரம் ஆகிறது.
பெஸ்காமில் சொன்னார்கள்:
காக்ஸ் டவுனில் எங்கும் தடை இல்லையம்மா.
அவர்கள் கணக்கில் என் வீடு முழுக்க வெளிச்சம்.

ஸ்டூல் போட்டு ஏறினேன்.
அப்பா காலத்துப் பீங்கான் ஃப்யூஸ்கள்.
மெயினை இறக்கி ஒவ்வொன்றாய் உருவிப் பார்த்தேன்.
எதிலும் கம்பி அறுந்திருக்கவில்லை.
அறுந்திருந்தால் எளிது.

சமையலறைப் பிளக்கில் டெஸ்டரை விட்டேன்.
வலத் துளையில் சிவப்பு. சரி.
இடத் துளையிலும் சிவப்பு.
நிற்கக் கூடாத இடத்தில் நிற்கிறது
வெளியேற வழி தெரியாமல்.

சமியுல்லா போனில் சொன்னான்:
"ரெண்டுலயும் எரியுதாக்கா?
அப்ப கரண்ட் போகல, நியூட்ரல் போச்சு.
வர்றதுக்கு ஒரு ஒயர்னா
திரும்பிப் போக ஒண்ணு வேணும்ல.
எதையும் தொடாதீங்க,
ஃப்ரேசர் டவுன்ல ஒரு மோட்டார் வேலை, முடிச்சிட்டு வர்றேன்."

ஏழே முக்காலுக்கு
சுவருக்கு அப்பால் டக் என்றது ஒரு சுவிட்ச்.
செத்துக் கிடந்த என் பல்ப் எரிந்தது.
எரிந்தது என்பதா அதை,
வெளுத்துப் பொங்கியது,
மூலை ஒட்டடையை இழை இழையாய் எண்ணலாம்.
டக். இருட்டு.
டக். மறுபடி அந்த வெள்ளை.
அண்ணன் கீசரைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறார்.
ஒன்பது வருடத்தில் அந்த வீட்டிலிருந்து
எனக்கு வந்த முதல் சேதி.
மூன்றாம் முறை பல்ப் தாங்கவில்லை.

பங்கு பிரித்தபோது அமீன் நாடா பிடித்து அளந்தார்.
கொய்யா அவருக்கு, மூடிய கிணறு பொது,
மீட்டர் இரண்டு, குழாய் இரண்டு,
நடுவில் ஹாலோ பிளாக் சுவர்,
என் பக்கம் மட்டும் பூசியது.
'கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு எதற்குப் பாதி'
என்று அவர் கேட்டதுகூட
எழுத்தில் இருக்கிறது, பதினொன்றாம் பக்கம்.
ஓட்டுக்கு அடியில் உத்தரத்தோடு ஓடும்
ஒரு கறுப்பு ஒயரைப் பற்றி
எந்தப் பக்கத்திலும் இல்லை.

தெருவைச் சுற்றிப் போய்க் கதவைத் தட்டினேன்.
சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மாற்றி மாற்றி அடுக்கியிருந்தேன்.
திறந்தவர் கையில் டெஸ்டர்.
பின்னால் அவர் சமையலறையும் இருட்டு.
"உனக்கும் பாதிதானா?" என்றார்.
"பாதிதான்."
கேட்ட பிறகுதான்
அந்தச் சொல் இருவர் காதிலும் விழுந்தது.

ஸ்டோர் அறை மச்சில் இருந்தது முறுக்கு.
அப்பா சுற்றிய டேப், வெல்லப்பாகாய் உருகி,
உள்ளே செம்பு கருகி, தொட்டும் தொடாமலும்.
"யாராவது ஒருத்தர் மெயின் இறக்கினா பத்தாது,"
என்றான் சமியுல்லா, ஏணியில் நின்றபடி.
"அந்த வீட்டுக் கரண்ட் இந்த ஒயர்லதான் திரும்பி வரும்.
ரெண்டையும் இறக்குங்க."

இறக்கினோம்.
ஜெரூஷா போன் வெளிச்சம் பிடித்தாள்,
மூக்கு அவளுக்கு என் மூக்கு, கவனித்ததில்லை.
உள்ளே எங்கோ தும்மினார்கள், இரண்டு முறை,
ஃப்ளோரா அண்ணி.
ஏணி ஆடியது.
பிடித்தேன். எதிர்க்காலை ஏற்கெனவே
யாரோ பிடித்திருந்தார்கள்.

"இன்னிக்கு ஓடும். ஆனா இப்படிப் பொதுவா விடக்கூடாதுக்கா,
என்னைக்காவது டிவி வெடிக்கும், வீடு எரியும்.
தனித்தனி நியூட்ரல் இழுத்துடலாம்,
நாப்பது மீட்டர் ஒயர், என் கூலி எண்ணூறு."

அண்ணன் ஏணியைப் பார்த்தார்.
"பாதிப் பாதி," என்றேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரச்சொன்னார் அவனை.

என் மெயினை ஏற்ற அவனே ஓடினான்.
பூசாத சுவருக்கு அப்பால்
என் ஃப்ரிட்ஜ் முனகத் தொடங்கியது.
அங்கே நின்று கேட்டேன்.
இவ்வளவு சத்தமா போடுகிறது அது,
இத்தனை வருடமும்?