நான்காம் பக்கம்

இயற்கை விவசாயச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தில்
முதல் மூன்று பக்கமும் லேசு.
சங்கத்தின் பெயர், பதிவிலக்கம், வங்கிக் கிளை,
அங்கத்தவர் பதின்மூன்று பேர்,
கோப்பிச் செடி எண்ணூற்று நாற்பது,
அதில் பங்குனி வெயிலில் கருகியவை அறுபது.
பற்குணம் அறுபத்திரண்டு என்கிறார்.
இரண்டு துளிர்த்துவிட்டதென்று
யேசுராணி கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள்.

நான்காம் பக்கத்தில் கேட்டிருக்கிறார்கள்:
செடி நடுவதற்கு முந்திய மூன்று வருடத்தில்
இந்த மண்ணில் இட்ட இரசாயனம் எது?

செயலாளர் நான்தான். பேனை என் கையில்.
மூன்று வருடம் என்ன,
இருபத்தேழு வருடம்
ஒரு பிடி யூரியா விழவில்லை எங்கள் வசாவிளானில்.
மருந்தடிக்க ஒருவரையும் விடவில்லை.
கிணறு இறைக்க,
விழுந்த தேங்காய் பொறுக்கவும் விடவில்லை.
இவ்வளவு சுத்தமாய் ஓய்ந்துகிடந்த மண்
வேறெங்கே இருக்கும்?
பெட்டியோ ஒரு விரல் அகலம்.

"இல்லை" என்று எழுதினேன்.
பொய் சொன்னதுபோல் இருந்தது.
பக்கத்தில் பென்சிலால் சேர்த்தேன்:
ஈயம், இரும்பு.
அருமைநாயகம் அழிறப்பரை நீட்டினார்.
"பிள்ளை, அவை கேக்கிறது பசளையை."

கொழும்பில் வாங்குகிறவர் சொல்கிறார்,
ஒரே ஊர்க் கொட்டை, கலப்பில்லை,
சிங்கிள் ஒரிஜின் என்று பையில் அடித்தால்
விலை இரட்டிப்பு.
யேசுராணிக்குச் சிரிப்பு.
பிறந்தது மயிலிட்டி, படித்தது உரும்பிராய்,
தாலி ஏறியது மல்லாகத்து முகாமில்,
மூத்தவன் தருமபுரத்தில், ஒரு மழை நாள்.
"கொட்டைக்கு ஒரு ஊர். எனக்கு எத்தினை?"
ஆறாவது விரலில் எண்ணுவதை நிறுத்திவிட்டு
பழம் ஆயப் போனாள்.
சிவந்தது மட்டும். பச்சையைத் தொட்டால்
பத்து ரூபாய் தண்டம், சங்க விதி பதினாலு.

பரிசோதகர் புஷ்பலதா புசல்லாவையிலிருந்து வந்தாள்.
"இந்தத் தரையிலயா கோப்பி?"
இரண்டு தரம் கேட்டாள்.
பலாவின் நிழலைக் காலடியால் அளந்தாள்.
கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.
செம்பாட்டு மண் ஒரு சிரங்கை
பையில் கட்டி இலக்கமிட்டாள்.

வறுத்து இடித்து ஊற்றினோம். வெறும் கோப்பி,
மல்லி இல்லை, சுக்கு இல்லை,
பரிசோதனை என்பதால் பனங்கட்டியும் இல்லை.
மூன்று மிடறு குடித்துவிட்டுச் சொன்னாள்:
"எங்க ஆளுங்கள மொதல்ல கொண்டாந்தது
இதுக்குத்தான். தேயிலைக்கு இல்ல.
மன்னார்ல எறக்கி நடக்க விட்டாங்க.
நடந்த அத்தன பேரும் மல ஏறல."
கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.
கொஞ்ச நேரம்
கேத்திலை ஒருவரும் தொடவில்லை.

அளவு நாடா வடக்கே போய்
முள்ளுக்கம்பியில் முட்டி நின்றது.
அதற்கு அப்பாலும் இருக்கிறது
எங்கள் உறுதியில் ஆறு பரப்பு:
ஒரு காவலரண், தகரப் பீப்பாய்,
சரிந்துபோன மாமரம்.
"அது என்னா செடி?" என்றாள்.

மாமரத்தடியில் மினுங்கும் இலைகள்.
நாங்கள் நடவில்லை.
வௌவால் எங்கள் பழத்தைத் தின்றுவிட்டு
உறுதி பாராமல், அனுமதி கேளாமல்
அங்கே துப்பியிருக்கிறது.
பூத்தும் இருந்தது. வெள்ளை.
மணம் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

புஷ்பலதா கம்பி இடுக்கால் எண்ணத் தொடங்கினாள்.
காவலரணில் நின்ற பொடியன்
துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு
தானும் திரும்பி எண்ணினான்.
"பதினொண்ணு" என்றாள் இவள்.
அவன் தலையை ஆட்டி
இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்,
பிறகு இரண்டு விரல்.

நான்காம் பக்கத்தின் ஓரத்தில், பென்சிலால்,
பன்னிரண்டு என்று எழுதினாள்.
அருமைநாயகம் சட்டைப்பையைத் தடவினார்.
அழிறப்பரை வெளியே எடுக்கவில்லை.