வெறும் பை

இருநூற்றிப் பதினாலு என்று
கிளினிக் கொப்பியில் எழுதி
அடியில் இரண்டு கோடு கீறினா அந்த மிஸ்.
"நடக்கணும் அக்கா, ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம்."

எங்கே நடக்க?
பெரியகல்லாற்றில் காரணமில்லாமல் ஒருத்தி நடந்தால்
ஒன்று செத்தவீடு,
இல்லையென்றால் புருசனோடு சண்டை.

முதல் நாள், விடிய ஐந்தரை.
மகன் ஓ.எல். சோதனைக்குப் போட்டுப்போன சப்பாத்தில்
முன்னுக்குப் பஞ்சு அடைத்துக் கட்டிக்கொண்டு
படலை தாண்டவில்லை,
எதிர்வீட்டு நேசராணி வாளியோடு நின்று கேட்டா:
"எங்க கா, ஆருக்கு என்ன?"

அடுத்த நாள் கையில் ஒரு பை எடுத்தேன்.
மிஞ்சின சாறித்துண்டில் தைத்தது,
உள்ளே ஒன்றுமில்லை.
பை இருந்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.
பை இருந்தால் அது கடைக்கு.

இருபத்திரண்டு வருசம்
இந்த ஊர் இடுப்பெல்லாம் அளந்தவள் நான்.
ஆருக்கு எத்தனையாம் மாதமென்று
அவள் சொல்ல முன்னமே என் டேப்புக்குத் தெரியும்.
கால் இரண்டும் மெஷின் பெடலில்
எத்தனை மைல் மிதித்திருப்பேன்,
இருந்த கதிரை இருந்தபடி!
சட்டை ஒன்றுக்கு ஒரு தேத்தண்ணி,
தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி,
தொட்டுத் தின்னப் பிஸ்கட்.
கிளினிக் போய்வந்த இரவு கதவைச் சாத்திக்கொண்டு
என் இடுப்பில் டேப்பைச் சுற்றினேன்.
நாற்பத்தொன்று.
அளவுக் கொப்பியில் எழுதவில்லை.

ஐந்தாம் நாள், பாலம் வரை போய்த் திரும்புகையில்
களுதாவளைச் சைக்கிள்காரர் மறித்தார்:
"நெடுக வெறும் பையோட போறீங்க,
விலை பிடிக்கல்லையோ?"
வெட்கத்தில் வாங்கினேன்
பொன்னாங்காணி இரண்டு கட்டு.
மறுநாளும் வெட்கம், வல்லாரை.
அதற்கடுத்த நாள் தோணியால் இறங்கின மணலை,
கண் இன்னும் மினுங்கிக்கொண்டு.

வாங்கினால் சமைக்கவேண்டுமே.
மத்தியானம் மெஷினை மூடினேன்.
வேலி முருங்கையில் இலை உருவி
தேங்காய்ப்பூ ஒரு பிடியோடு சுண்டி
இறக்கும்போது தேசிக்காய்.
மீனை எண்ணெய்க்குக் காட்டவில்லை;
உள்ளியும் மிளகும் தட்டிப் போட்ட புளியாணத்தில் விட்டேன்.
அது கொதித்த மணத்துக்கு
பிளவுஸ் எடுக்க வந்தவளும்
அவசரமில்லை என்று இருந்துவிட்டாள்.

சோறு எவ்வளவு என்று எனக்கென்ன தெரியும்?
தையல் சோக்கை எடுத்து
கோப்பையின் அடியில் கோடு கீறிக் கழுவி,
மறந்துபோகுமென்று மறுபடி கீறினேன்.
பாதி இலை. கால்வாசி மீன்.
மிச்சத்தில் சிவப்பரிசிச் சோறு.
தேவகடாட்சம் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்:
"இது சாப்பாடோ, வெட்டின துணியோ?"
என்றாலும் தையல் விலகாமல் தின்றார்.
உப்புத்தான் காணாதாம்.
உப்புப் பேணியைத் தேடினார்,
அது எங்கே என்று நான் சொல்லவில்லை.

ஒவ்வொரு நாளும் நடந்தேன் என்றால் அது பொய்.
மாரி அடித்த ஒன்பது நாள்
போர்வைக்குள்ளேயே கிடந்தேன்.
தங்கச்சி மகளின் சாமத்தியவீட்டில்
தொதல் இரண்டு துண்டு, ஒருவரும் காணவில்லை.
மூன்றாம் துண்டைக் கண்டார்கள்.

சீனிப் பேணி இப்போது பொத்தான் பேணி.
முதல் கிழமை எறும்புகள் வரிசையாய் வந்து
ஒவ்வொரு பொத்தானாய் விசாரித்துவிட்டுப் போயின.

போன முறை நூற்றி அறுபத்தெட்டு.
மிஸ் ஒரு கோடு மட்டும் போட்டா.
இடுப்பை நான் திரும்ப அளக்கவில்லை;
பாவாடை நாடாவில்
ஒரு சாண் மிச்சம் தொங்குகிறது.

நேற்று விடியப்புறம் பாலத்தில்
எனக்கு முன்னால் ஒருத்தி,
செருப்பு அடிபட அடிபட, விசுக்கு விசுக்கென்று.
கடற்காற்றுக்கு அவள் கையில் பை
பலூன் மாதிரி உப்பியது.
நேசராணி.
"எங்க கா?" என்றேன்.
மூச்சு வாங்க, "கடைக்கு" என்றா.
"நானும்தான்" என்றேன்.

ஐந்தே முக்கால்.
இரண்டு கல்லாற்றிலும்
ஒரு கடை திறந்திருக்கவில்லை.