மூன்றா, எட்டா

வாடை அடித்து, கடல் பெரிசாகக் கிடக்கிற
மார்கழியில்தான் நஜாத் நானா
புது மொடல் கொண்டுவருவார்.
பாலமீன்மடுவில் போட் எல்லாம் மண்ணேறிக் கிடக்கும்.
கையில் வேலை இல்லாத நேரம்,
காசும் இல்லாத நேரம்.
"பாத்து வைங்க. வாங்கச் சொல்லல்ல."

முந்தின வருசத்தது தண்ணிக்குள் விழுந்தால் மிதந்தது.
போன வருசத்தது நிறம் காட்டியது.
இது நிலவு எத்தனை மணிக்கு எழும்பும் என்றும் சொல்லுமாம்.
"அது எனக்கும் தெரியும்தானே, நானா."
சிரித்தார். தேத்தண்ணி குடித்தார். பெட்டியைக் கட்டினார்.

என்னுடையது சாம்பல் நிறக் கருவி.
தூண்டில் முள் கீறிய கோடு
கண்ணாடியில் வடக்கை இரண்டாகப் பிரிக்கும்.
பற்றரி மூடி உடைந்து
சைக்கிள் ரியூப் துண்டால் கட்டிக் கிடக்கு.
மச்சான் விமலேந்திரன் இதற்குள் மூன்று மாத்திவிட்டான்,
மூன்று தரமும் அக்காவின் காப்பு வங்கிக்குப் போய்வந்தது.
போன தடவை போனது இன்னும் வரவில்லை.

காசு மட்டும் இல்லை காரணம்.
இதற்குள் இருநூற்றுப் பதினாலு புள்ளி.
பழசின் வாயும் புதுசின் வாயும் வேறு வேறு,
வயர் பொருந்தாது.
ஒவ்வொரு எண்ணாக விரலால் அடிக்க வேணும்.
ஒன்று பிழைத்தால்
பார் பத்துக் கட்டை தள்ளிப் போய்விடும்.

சரி, எழுதியாவது வைப்போம் என்று
தயாபரி மகளின் கணக்குக் கொப்பியைப் பின்பக்கமாகத் திறந்தாள்.
நான் வாசிக்க அவள் எழுதினாள்.
மூன்று இரவு. அதில் ஒன்று கரண்ட் இல்லாத இரவு.

ஏழு, விளைமீன் கல்.
பதினெட்டு, வலை அறுந்த இடம்.
பத்தொன்பது, தைத்த வலை மறுகா அறுந்த இடம்.
"இதையும் எழுதவா?"
"எழுது. போகக் கூடாத இடமும் தெரிய வேணும்தானே."
நாற்பத்தொன்று, எஞ்சின் நின்ற இடம்.
நாற்பத்திரண்டு, விடிந்த இடம்.
பேனா நின்றது.
இரண்டுக்கும் நடுவில் எத்தனை கட்டை என்று கேட்டாள்.
பதினேழு என்றேன்.
"அண்டைக்கு ஏலம் பிந்தினதெண்டுதானே சொன்னீங்க."
நான் நாற்பத்துமூன்றை வாசித்தேன்.

எண்பத்தேழுக்குப் பெயர் இல்லை, எண் மட்டும்.
எனக்கு நினைவில்லை என்றதை
அவள் நம்பவில்லை, இப்போது எதையும் நம்பத் தயாரில்லை.
பங்காளி கிறிசாந்தனுக்குப் போன் எடுத்தோம்.
"வெத்திலைப் பையோட கிடந்திருக்கும், மச்சான்,
பொத்தான் தானா அமந்திருக்கும்."

மாசியில் காற்று இறங்கியது.
முதல் ஓட்டம் எண்பத்தேழுக்கு.
நாற்பது பாகம் கயிறு விட்டும் ஈயம் அடி தொடவில்லை.
தூண்டிலைக் கடிக்கவும் ஒன்றும் இல்லை.
வெத்திலைப் பைதான்.

திரும்பி வருகையில், ஒரு மணித்தியாலம் தெற்கே,
பதினெட்டுப் பாகத்தில் ஈயம் தட்டியது.
எங்கள் கொப்பியில் இல்லாத பார்.
விளைமீன் விளைமீனாக ஏறியது.
சேமிக்கும் பொத்தானை அமத்தினேன்.
பெருவிரலால், நகத்தால்,
மீன்கத்திப் பிடியால்.
கருவி பழைய இருநூற்றுப் பதினாலையும் நிரையாகக் காட்டியது,
அதற்கு மேல் ஒன்றையும் வாங்கவில்லை.
கிறிசாந்தனின் போனில் சார்ஜ் இல்லை.
வெளிச்சவீடு புகாருக்குள்.
போட் இழுபட இழுபடக்
கண்ணாடியில் ஓடிய எண்களை
ஐஸ் பெட்டி மூடியில் கத்தி முனையால் கீறினேன்.

கரையேறியதும் நானாவுக்கு எடுத்தேன்.
"அந்த மொடல் முடிஞ்சு. அடுத்தது மூணு கிழமையில வருது.
பொறுக்கிறீங்களா?"
"இப்ப என்ன கிடக்கு?"
"போன வருசத்தது. நிலவு சொல்லாது."
"கொண்டு வாங்க."

தயாபரி மூடியை மடியில் வைத்து
இருநூற்றுப் பதினைந்தை எழுதிக்கொண்டிருந்தாள்.
ஆறாவது எண்ணில் செதில் ஒட்டியிருந்தது.
நகத்தால் சுரண்டினாள்.
விளக்குக்குக் கிட்டப் பிடித்தாள்.
இது மூன்றா எட்டா என்று கேட்டாள்.