காற்று போகும் பக்கம்

முதலில் டேஷ்போர்டு பெட்டியைக் காலி செய்தேன்.
பள்ளிகொண்டா சுங்கச்சாவடிச் சீட்டு ஏழு,
மை பறந்து வெறும் வெள்ளையாய்.
மூடியில்லாத தைலப் புட்டி.
ஜெபினின் இன்ஹேலர், தீர்ந்தது.
மூன்று சர்வீஸ் பில், நாலாய் மடித்தது.

ஞாயிறு காலை ஆறரை.
சத்துவாச்சாரியில் வெயில் இன்னும்
எதிர்வீட்டு மூன்றாவது மாடியில்தான் இருந்தது.
அது இறங்கி வருவதற்குள் முடிக்க வேண்டும்.

பெட்டியின் இரண்டு கன்னத்தையும்
உள்பக்கமாய் அமுக்கி இழு என்றாள் நஸ்ரீன்.
தோல் சோதனைக்கூடத்தில் பக்கத்து மேசை,
தன் காரைத் தானே பார்த்துக்கொள்பவள்.
"பிள்ளைக்கு மருந்து புகட்ற மாதிரிதான்.
கன்னத்த அமுக்கு, வாய் தானா திறக்கும்."

திறக்கவில்லை.
இன்னும் பலமாய் அமுக்கினேன்.
எங்கோ டக் என்றது.
அந்த டக்கைப் பிறகு சொல்கிறேன்.

உள்ளே இருட்டில் ஒரு தட்டு.
விரல்விட்டு உருவினேன்.
வெள்ளையாய்ப் போனது
கரித்துணியாய் வந்தது,
மடிப்பு மடிப்பாய்.
பொடிந்த புங்கம்பூ.
வேப்பிலைக் காம்புகள்.
ஒரு தேனீ, ஒரு கால் மட்டும் குறைந்து.
பாலாற்றுப் பாலத்தில் சித்திரைக் காற்று
கண்ணுக்குள் வீசுகிற அதே மணல்.
வெடித்தாளில் ஒரு துணுக்கு,
எந்தத் தீபாவளியோ, சிவப்பு போகவில்லை.

சட்டத்தின் ஓரத்தில் தேதி குத்தியிருந்தது.
எச்சில் தொட்டுத் துடைத்துப் படித்தேன்.
வண்டி பிறந்த மாதம்.
வண்டியோடு பிறந்த பில்டர்.

பில்களை விரித்தேன்.
ஏசி பில்டர் மாற்றியது, அறுநூற்று நாற்பது.
அடுத்த வருடம் அறுநூற்றுத் தொண்ணூறு.
போன ஆனியில் எழுநூற்று எண்பது, கூலி தனி.

நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று
எங்கள் ஊருக்கு ஒரு பட்டியல் உண்டு.
மாற்றாமல் மாற்றிய பில்டரை
அதில் சேர்த்துக்கொண்டேன்.

கோபம் உடனே வரவில்லை, கணக்குதான் வந்தது.
ஆறு வருடம்,
ராணிப்பேட்டைக்குப் போக வர நாற்பது கிலோமீட்டர்.
போகிற வழியில் பள்ளி, பின்சீட்டில் பிள்ளை.
வெளியே தூசு, உள்ளே சுத்தம் என்று
நாலு கண்ணாடியையும் ஏற்றிவிட்டு
அவன் தும்மும்போதெல்லாம்
தோல் ஷெட்டைத் திட்டினேன்,
பக்கத்து வீட்டு நாயைத் திட்டினேன்,
அவன் அப்பா வழி மூக்கைத் திட்டினேன்.

புதியது முந்நூற்று இருபது ரூபாய்,
காட்பாடி ரோட்டு ஸ்பேர்ஸ் கடையில்.
"மாட்ட ஆள் அனுப்பட்டா மேடம்?"
வேண்டாம் என்று வாங்கி வந்தது.
உறையைக் கிழித்தால்
ஓரத்தில் ஓர் அம்புக்குறி,
காற்று போகும் பக்கம்.

மேலா, கீழா?
இந்த வண்டிக்குள் இத்தனை வருடம் மூச்சுவிட்டு
அது எந்தப் பக்கமாய் வருகிறது என்று
ஒருநாளும் கேட்டதில்லை நான்.

மின்விசிறியை ஒன்றில் வைத்து
எழுத்தழிந்த சுங்கச்சீட்டு ஒன்றைப்
பொந்தின் வாயில் பிடித்தேன்.
இரண்டு நொடி நடுங்கியது,
பிறகு தலையைக் கீழே சாய்த்தது.
கீழே.

தோல் வாசனையை இது தடுக்காது,
நஸ்ரீன் முதலிலேயே சொல்லிவிட்டாள்.
சிப்காட் தாண்டும்போது வருவது
வந்தே தீரும்.
என் சம்பளமும் அந்த வழியாகத்தான் வருகிறது.

திங்கட்கிழமை
கிரீன் சர்க்கிள் வருவதற்குள்
ஜெபின் ஒரு தடவை தும்மினான்.
ஒரே தடவை. எண்ணினேன்.
அதற்கு ஒன்றும் அர்த்தமில்லாமலும் இருக்கலாம்.

அந்த டக், பெட்டியின் இடப்பக்கக் கொக்கி.
இப்போது ஒவ்வொரு வேகத்தடையிலும்
யாரும் கன்னத்தை அமுக்காமலே
வாய் திறந்துகொள்கிறது.
உள்ளே, புதியதின் உறையில் சுற்றிய பழையது,
அதன்மேல் மூன்று பில்.

மூட முயன்றேன். நிற்கவில்லை.
சரி, திறந்தே இரு என்று விட்டுவிட்டேன்.
சர்வீஸ் சென்டருக்கு
இன்னும் இரண்டு சிக்னல்.