தடைக்காலம்

லாஞ்சில் என் முகத்துக்கு நேரே ஒரு பெட்டி.
எக்கோ என்போம்.
கீழே சத்தம் அனுப்பி, திரும்பி வருவதை வரையும்.
பாறை சிவப்பு. சேறு மஞ்சள்.
கவலை மீன் கூட்டம், மிளகாய்த்தூள் சிந்தினாற்போல.
ஒன்றுமில்லாத தண்ணி மட்டும் கறுப்பு.
பதினெட்டு வருஷம் அதைப் பார்த்தே வலை விட்டவன் நான்.

அதனால்
மோனிஷா வயிற்றில் பசை தடவி
டாக்டர் அஸ்மா கருவியை வைத்ததும்
அவர் வாய் திறக்குமுன் தெரிந்துவிட்டது.
ஈரல் நடுவே கறுப்பு.
வட்டமாய், கரை கட்டின தண்ணி.
பாகக் கணக்கில் அளந்தவனுக்கு
ஆறு சென்டிமீட்டர் அவ்வளவு ஆழம்.

"நாய் பக்கம் போவியா பாப்பா?"
என்னைப் பார்த்தாள்.
"இல்ல டாக்டர்."
நான் சுவரைப் பார்த்தேன்.

ஐஸ் உடைக்கிற ஷெட்டுக்குப் பின்னால்
கறிக்கடை மிச்சம் தின்று வளர்ந்து
அவள் வாயை நக்குகிற
ஒற்றைக்காது புல்லட்டை
கார்ப்பரேஷன் வண்டியில் ஏற்றிவிடுவார்களாம்.
ஏழு வயசுப் பயம்.
நாற்பது வயசு வாயையும் அடைத்தது.

ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி
காசிமேட்டில் லாஞ்சுகள் தோளோடு தோள் உரசிக் கிடந்தன.
தூக்கம் பிடிக்கவில்லை.
விடியுமுன் போய்ச் சொல்லிவிட்டேன்.

டாக்டர் திட்டவில்லை.
தேதியை அடித்தார். ரத்தம் எடுத்தார்.
பூச்சிக்கு மாத்திரை எழுதினார்.
"சாதாரண நீர்க்கட்டின்னு குத்தியிருந்தா
உள்ள சிந்தியிருக்கும்."
அதற்கு மேல் சொல்லவில்லை.

தடை முடிந்து எல்லா லாஞ்சும் கிளம்பின.
என் லாஞ்சுக்கு வேறு டிரைவர்.

பிறகு ஒரு நாள் காகிதத்தில் வயிறு வரைந்து
மூன்று புள்ளி வைத்தார்.
சாவித்துவாரம் அளவுதானாம்.
"திரையைப் பாத்துக்கிட்டே ஊசி போகும்.
உறிஞ்சி எடுத்துட்டு
கெட்டியான உப்புத்தண்ணி விடுவோம்.
அதுல அது செத்துடும்."

உப்புத்தண்ணியா?
எங்களுக்குச் சோறு போட்டு
சில வருஷம் ஆளையும் கேட்கிற
அதே சாமானா?

ஆபரேஷன் தியேட்டர் வாசலில்
"ஈரக்குலை நடுங்குதுய்யா" என்றாள் அம்சா.
தெருவில் நூறு முறை கேட்ட பேச்சு.
அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம்
யாரோ என் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.
காற்று இல்லை, நீரோட்டம் இல்லை.
ஆனாலும் கையெல்லாம்
சுக்கானைத் தேடியது.

நாலு மணி நேரம்.

மூன்று பிளாஸ்திரி.
கண் விழித்ததும் அப்பா என்கவில்லை, அம்மா என்கவில்லை.
"புல்லட்டப் பத்திச் சொல்லிட்டியா?"
சொல்லிட்டேன்.
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
டாக்டர்தான் குனிந்து,
"வண்டியெல்லாம் வராது. அதுக்கும் மாத்திரை இருக்கு.
ஆனா நீ சோப்பு போட்டுக் கை கழுவணும்.
முத்தம் கிடையாது."
கடைசி விதிக்கு மட்டும்
அழுதாள்.

இப்போது ஷெட்டுக்குப் பின்னால் குந்தியிருக்கிறேன்.
வேப்பேரியில் வாங்கின மாத்திரை ஒரு கையில்,
கவலை மீன் ஒரு கையில்.
வயிற்றைக் கீறிச் சொருக வேண்டும்.
பத்தடி தள்ளி நிற்கிறாள்,
சட்டைக்கு மேலாகத் தழும்பைத் தடவிக்கொண்டு.

"பெர்சா கீறாதப்பா."