பொய் அழுத்தம்

களிமண்குண்டு புயல் காப்பகம், மாடி அறை.
ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்திருக்கிறோம்.
கீழே ஜெனரேட்டர் கத்துகிறது.
துணியில் எங்கோ ஓர் ஓட்டை;
அதன் வழியே வெயில் வரவில்லை,
கஞ்சிப்பாசி காயும் வாடை வருகிறது.

வரிசை எண் நூற்றுப் பதினேழு.
பெயர் சீனிராக்கு.
வயது நாற்பத்தெட்டு என்றாள், ஆதாரில் ஐம்பத்து மூன்று.
தொழில் பாசி எடுப்பது.
படிவத்தில் அந்தத் தொழில் இல்லை.
'மற்றவை'யில் டிக் போட்டேன்.

தாடையை இதுல வைங்கக்கா, நெத்திய ஒட்டுங்க.
நடுவுல மஞ்சப் புள்ளி. அதை விட்டுக் கண்ண எடுக்கக் கூடாது.
சுத்தி எங்கயாவது வெளிச்சம் மினுங்குனா
பொத்தான அழுத்துங்க.

வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகம் போனது.
'சோத்துச் சட்டிய வழிக்கிற மாதிரி இருக்கு' என்றாள் உள்ளிருந்து.

ஏழு நிமிடம்.
பொய் அழுத்தங்கள்: முப்பத்துமூன்று சதவீதம்.
பதினைந்தைத் தாண்டினால் நம்பத்தகாதது என்கிறது
எங்கள் ஆய்வு நெறி, பக்கம் நாற்பத்தொன்று.

இல்லாத வெளிச்சத்துக்கு ஏன்க்கா அழுத்துனீங்க?
'வரப்போகுதுன்னு தெரிஞ்சுச்சு.
வெளிச்சம் விடுறதுக்கு முந்தி
அது டிக்குனு ஒரு மூச்சு எடுக்குதுல்ல.
முங்குறதுக்கு முந்தி நாம எடுக்குற மாதிரி.'

நான்கு வருடமாக இந்த மெஷினோடு இருக்கிறேன்.
மதுரையில் குளிரூட்டிய அறையில், கதவு மூடி.
கேட்டதே இல்லை.
கிண்ணத்தின் முதுகில் காதை வைத்துப் பார்த்தேன்.
உள்ளே ஏதோ கண்ணாடி திரும்புகிறது.
ஆமாம், மூச்சுதான்.
ஜெனரேட்டர் இரைச்சலுக்குள் அவளுக்கு மட்டும் கேட்டிருக்கிறது.

மறுபரிசோதனைக்கு ஒரு தடவை அனுமதி உண்டு.
இரண்டு காதிலும் பஞ்சு அடைத்தேன்.
அவள் முகம் மாறிவிட்டது.
பொத்தானைப் பிடித்திருந்த கை,
பிடிக்க எதுவும் இல்லாத கை மாதிரி.

பொய் அழுத்தம் நான்கு சதவீதம்.
நம்பத்தகுந்தது.
வரைபடம் அச்சாகி வந்தது:
வலக்கண்ணில் மூக்கோரத்திலிருந்து மேலே வளைந்த ஒரு கறுப்பு.
இடக்கண்ணில் மேல்பாதியே இல்லை.
கண்ணின் அழுத்தம் இருபத்தெட்டு.
அந்த அழுத்தத்தில் பொய் இல்லை,
இரண்டு தடவை பார்த்தேன்.

பஞ்சை ஒதுக்கிவிட்டுக் கேட்டேன்,
தண்ணிக்குள்ள இருக்கைல மேல வள்ளம் வந்தாத் தெரியுமா?
'கண்ணுக்கு எங்க தெரியுது?
வாழைத்தீவுப் பக்கம் முங்குனா
இன்ஜின் சத்தம் முதல்ல அடிவயித்துல வரும், அப்புறம் காதுல.
ஒதுங்கிக்கிருவேன்.
கண்ணாடிதான் மங்கிருச்சுன்னு நெனச்சு
ரெண்டு தடவ மாத்துனேன். நூத்தியெம்பது ரூவா.'

மடியிலிருந்து அதை எடுத்துக் காட்டினாள்.
ரப்பர் விளிம்பின் வட்டம் அவள் கண்ணைச் சுற்றியும் இருந்தது.
'இது அழுத்துறதாலயா?'

எங்கள் ஆய்வின் கேள்வி அது இல்லை.
விலை குறைந்த கேமரா ஒன்று எடுக்கும் படமும்
டாக்டர் சொல்வதும்
எத்தனை பேரிடம் ஒத்துப்போகின்றன, அவ்வளவுதான்.
அவள் கேள்வியைப் படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
ஓரங்கள் ஸ்கேனில் விழுவதில்லை.

போன பார்வை வராது, இருக்கிறதைக் காப்பாத்தலாம்,
ராத்திரிக்கு ஒரு சொட்டு, விடாம.
'ராத்திரி ஊத்துறத
காலைல உப்புத்தண்ணி கழுவிறாதா?'
கழுவாது என்று சொல்லிவிட்டு
டாக்டருக்குப் போன் போட்டேன்.
லைன் கிடைக்கவில்லை.

போன் காதிலிருக்க, அவள் படியிறங்கிப் போனதைக் கவனிக்கவில்லை.
மேஜையில் பஞ்சு இல்லை.
அக்கா, பஞ்சு என்று கத்தினேன்,
அதை எதற்குக் கத்துகிறேன் என்று உறைக்காமல்.

சாலை நடுவில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தாள்,
பஞ்சைத் திரும்ப அடைத்துக்கொண்டு.
பின்னால் ஐஸ் வண்டி ஹாரன் அடித்தது, அடித்துக்கொண்டே வந்தது.
செருப்பில்லாமல் ஓடித் தோளைப் பிடித்து இழுத்தேன்.
டிரைவர் இரண்டு பேரையும் திட்டிவிட்டுப் போனான்.

ஒரு பக்கத்துப் பஞ்சை உருவி என் கையில் வைத்தாள்.
'இப்படி அடச்சா என்னதான் ஆகுதுன்னு பாத்தேன்.
கடல் நின்னு போச்சு தாயி.'

மேலே நூற்றுப் பதினெட்டு
தாடையை எங்கே வைப்பது என்று
யாருமில்லாத அறையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.