நானூறு

ஒகையோவில் மழை. கடைக்குள் ரப்பர் வாடை.
ட்வைலாவின் உறையில் நானூறு டாலர்,
டயர் மாற்ற வைத்திருந்தது.

"நொடிக்கு நானூறு அடி பாயும்" என்கிறான் கடைக்காரன்,
ஆயிரத்தைத் தாண்டிய ஒன்றைத் தடவியபடி.
நாணேற்ற எவ்வளவு பலம் வேண்டும், என்கிறாள் அவள்.

கீழ்த்தட்டில் ஒரு குறுக்குவில்.
பழசு. கட்டையில் யாரோ கீறிய இரண்டெழுத்து.
மிதியில் பூட்ஸை நுழைத்து,
கயிற்றுக் கொக்கிகளை மாட்டி இழுக்கிறாள்.
போன வருஷம் தைத்த தோள்
முணுமுணுக்கிறது, அவ்வளவுதான்.
க்ளக்.

முந்நூற்றிருபது. அம்புக்குத் தனி.
மூன்று எடுக்கிறாள்.
நான்காவதைத் தொட்டுவிட்டுத்
திரும்ப வைக்கிறாள்.

வண்டியில் ஏறும்போது
வழவழத்த டயர்களைப் பார்க்கவில்லை.
இருபது கெஜத்துக்குள்
மான் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்க
யாரும் காசு கேட்பதில்லை.